தீக்குச்சி எந்தக் கையில் இருந்தது?

நான் போலீஸ் சர்வீஸில் இருந்தபோது போன் அடித்தாலே தொப்பியைத் தேடுவேன். ஓய்வு பெற்ற பிறகோ, அடிக்காதா என்று இருக்கிறது. புதுச் சட்டம் வந்தாலும் வந்தது, என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள் மாறிமாறிக் கூப்பிடுகிறார்கள். "மேடம், பழைய சட்டத்துல நூறாவது பிரிவு இப்ப எத்தனை?" "முப்பத்தெட்டு." "நூத்தி மூணு?" "நாப்பத்தொண்ணு." கீரை ஆய்ந்துகொண்டே சொல்வேன். "உனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தாகளா, டிரான்ஸ்பர் குடுத்தாகளா?" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

போன மாசம் ஒரு படி மேலே போய்விட்டது. புதிதாக வந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர்களுக்கு விருதுநகரில் ஒரு வகுப்பு. தற்காப்பு உரிமையைப் பற்றி நீங்கள்தான் பேசணும் என்றார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பேச ஆரம்பிக்கும் முன்பே ஒரு பெண் எஸ்.ஐ. எழுந்துவிட்டாள்.

"மேடம், அமெரிக்காவுல ஒருத்தர் தன் வீட்டு வாசல்ல வந்து நின்னவனைச் சுட்டுட்டார், கேஸே இல்லைனு வீடியோ பாத்தேன். இங்கன மட்டும் ஏன் மேடம் நம்ம ஆளுக உள்ள போறாக?"

எனக்குக் குஷி தாங்கவில்லை. அமெரிக்கா என்பது ஒரே ஊர் இல்லை, அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்று தொடங்கினேன். சில மாநிலங்களில், நீ நிற்க உரிமையுள்ள இடத்தில் நிற்கும்போது ஒருவன் கொல்ல வந்தால் ஓர் அடிகூடப் பின்வாங்க வேண்டாம். வேறு சிலவற்றில், தெருவில் வைத்து என்றால், பத்திரமாக ஓட வழியிருந்தும் ஓடாமல் கொன்றால் குற்றம். உன் வீட்டுக்குள் மட்டும் அந்த நிபந்தனை கிடையாது. இங்கிலாந்தில், அந்த நேரத்துப் பதற்றத்தையும் சேர்த்து, செய்தது நியாயமான அளவுதானா என்று பார்ப்பார்கள். சிங்கப்பூருக்குப் போனால் நம் பழைய சட்டத்தின் பிரிவுகள் ஏறக்குறைய அதே எண்களோடு உட்கார்ந்திருக்கும். நம் நாட்டில் ஓடித்தான் ஆகணும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் போலீஸைக் கூப்பிட நேரமிருந்தால் நீயே கை வைக்கக் கூடாது, தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, ஆபத்து முடிந்த நொடியில் உரிமையும் முடிந்தது.

"இது நாட்டுக்கு நாடு. நம்ம ஜில்லாவுக்குள்ளயே, ஒரே சட்டத்துக்குள்ளயே, இடத்துக்கு இடம் எப்படி மாறும்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன். பிறகு டீ வந்து ஆறிப்போனதுகூட யாருக்கும் தெரியவில்லை. அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தில் தற்காப்பு உரிமைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்த மயக்கத்தில் பாதிப் பேர் தூங்கினோம். நான் அதை உண்மையில் படித்தது எஸ்.ஐ.யாக விருதுநகரில் இருந்தபோது, ஒரு மிளகாய் வத்தல் குடோனில்தான்.

விடியற்காலையில் ஒரு திருடன் வத்தல் மூட்டையைத் தூக்கியிருக்கிறான். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். திருடன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓட, இவர் கம்போடு ரயில்வே லைன் வரைக்கும் துரத்திப் போய்ப் பின்மண்டையில் ஒரு போடு போட்டார். அந்த ஆள் பிழைத்தான், ஆனால் பேச்சு போய்விட்டது. வாட்ச்மேனைக் கைது செய்தேன். குடோன் முதலாளி ஸ்டேஷனுக்கே வந்து சத்தம் போட்டார்.

"எம்மவன் அமெரிக்காவுல இருக்கான்மா! அங்கன உள்ள வந்தவனைச் சுட்டாக்கூட ஏன்னு கேக்க மாட்டாக, தெரியுமா?"

"அண்ணாச்சி, உங்க குடோன் விருதுநகர்ல இருக்கு. மூட்டை எங்க கிடந்துச்சு?"

"குடோன்லதான்."

"அவன் எங்க கிடந்தான்?"

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பொருள் திரும்பக் கிடைத்த பிறகு, முதுகு காட்டி ஓடுகிறவனை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. கோர்ட்டும் அதையேதான் சொன்னது. அந்தக் கேஸுக்குப் பிறகு, பின்மண்டைக் காயம் என்றாலே அடித்தவர் பக்கம் நியாயமில்லை என்று என் மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

இனி அச்சங்குளம் பக்கத்துக் கேஸ். அப்போது நான் இன்ஸ்பெக்டர். பழைய சட்டம் நடப்பில் இருந்த கடைசிக் காலம். தீபாவளி சீசன், பட்டாசுக் கம்பெனிகளில் வேலை மும்முரம்.

கிருஷ்ணவேணி என்று ஒரு பெண். குடிகாரப் புருசன் முருகேசனை விட்டுவிட்டு, ரெண்டு பெண் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிற அறையில் அவளுக்கு வேலை. ஒருநாள் காலை முருகேசன் நல்ல போதையில், மெயின் கேட் பக்கமே வராமல், பின்னாலிருந்த கருவேல வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். நேராக அந்த அறைக்குப் போய், இடது கையால் அவள் தலைமுடியைப் பிடித்தான். வலது கையில் தீப்பெட்டி.

"வாங்கடி, எல்லாரும் சேந்தே போவோம்!" என்று கத்தினான்.

அங்கே வேலை பார்த்த மற்ற பெண்கள் வாசலுக்கு ஒருத்தியாகச் சிதறி ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. அவள் பேர் பேச்சியம்மா. நாற்பது வயசு இருக்கும், ஒல்லியான உடம்பு. மருந்து இடிக்கிற மரச்சுத்தியால் அவன் வலது மணிக்கட்டில் ஒரு அடி. எலும்பு முறிந்தது, தீப்பெட்டி விழுந்தது, கிருஷ்ணவேணி விடுபட்டு வெளியே ஓடினாள். உள்ளே முருகேசனும் பேச்சியம்மாவும் மட்டும். அடுத்து விழுந்தது இன்னொரு அடி.

ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே முருகேசன் செத்துப்போனான். அவனுடைய அம்மா சுப்பம்மா கொடுத்த புகாரில், முதலில் கொலை முயற்சி என்று எங்கள் எஸ்.ஐ. வழக்குப் பதிந்து பேச்சியம்மாவைக் கைது செய்திருந்தார். ஆள் செத்ததும் பிரிவு கொலையாக மாறியது. கொலை என்றால் இன்ஸ்பெக்டர் விசாரணை. கேஸ் கட்டு என் மேஜைக்கு வந்தது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் திறந்தேன். மணிக்கட்டு முறிவு. இரண்டாவது காயம், பின்மண்டை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தீப்பெட்டி கீழே விழுந்துவிட்டது. அவன் திரும்பிவிட்டான். அதற்கப்புறம் அடித்திருக்கிறாள். குடோன் கேஸ் அப்படியே திரும்பி வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

எங்கள் டி.எஸ்.பி. ராஜமாணிக்கம் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெல்லிய குரல், கோபம் வந்தால் இன்னும் இறங்கிவிடும். கேஸ் கட்டைப் படிக்க மாட்டார், நம்மைச் சொல்லச் சொல்லி நடந்துகொண்டே கேட்பார். நாம் சொன்ன கடைசி வார்த்தையை எடுத்துத் திருப்பிக் கேட்பார்.

"ரெண்டாவது அடி பின்மண்டையில சார்."

"பின்மண்டையில?"

அவ்வளவுதான். நம்மிடம் இருக்கிற ஓட்டையெல்லாம் நமக்கே தெரிந்துவிடும்.

"தீப்பெட்டி விழுந்தாச்சு. அறைக்கு எத்தனை வாசல்?"

"நாலு பக்கமும் இருக்கு சார்."

"நாலு வாசல் இருக்கு, ஓடல. இந்த ஜில்லாவுல தீப்பெட்டி இல்லாத சட்டைப்பை ஏதும்மா? அதை ஆயுதம்னு எப்படிச் சொல்லுவீங்க? சார்ஜ்ஷீட் போடுங்க. தற்காப்பா இல்லையான்னு கோர்ட் பாத்துக்கும்."

செத்தவனுடைய சொந்தக்காரர்கள் அன்றைக்கு மறியல் செய்து, சாத்தூர் ரோட்டில் பஸ் போகவில்லை. அவருக்கு அந்த நெருக்கடியும் இருந்தது. ஆனால் "இடத்தைப் பாத்துட்டு வாங்க" என்றும் சொன்னார். அது அவருடைய நல்ல குணம்.

போனேன். கேட்டில் போனை வாங்கிக்கொண்டார்கள். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள், பெல்ட்டையும். உள்ளே போகும் முன் சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கணும். நைலான் சேலை கட்டியிருந்தால்கூட விட மாட்டார்களாம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். ஸ்டேஷனில் எத்தனையோ பேரைச் சோதனை போட்டவளுக்கு, தன் உடம்பில் இத்தனை ஆபத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவில் பூட்டி வைத்திருந்த அறையைத் திறந்தார்கள். என் வீட்டுச் சமையலறை அளவுதான். தரை முழுக்க வெள்ளியைத் தூவிய மாதிரி பொடி. இன்னும் ஒன்றிரண்டு தீக்குச்சிகள் கிடந்தன. பக்கத்து அறைகள் கூப்பிடு தூரத்தில், ஒவ்வொன்றிலும் ஆட்கள். "இங்கன ஒண்ணு பிடிச்சா அது எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போகும்மா, அவுக எந்திரிச்சு ஓடறதுக்குள்ள," என்றார் கூட வந்த போர்மேன்.

பெட்டிக்கடை வாசலில் ஒருவன் தீப்பெட்டியைக் கையில் வைத்திருந்தால் அவன் பீடி பற்றவைக்கப் போகிறான். இந்தத் தரையில் நின்று வைத்திருந்தால் அவன் ஒரு ஊரையே கையில் வைத்திருக்கிறான். அதே பெட்டி, அதே சட்டம், இடம் மட்டும்தான் வேறு! பழைய நூற்று மூன்றிலேயே இருக்கிறது: ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைக்க வந்தவனை, வேறு வழியில்லாவிட்டால், உயிர் போகும்படி தடுக்கலாம். இப்போதைய நாற்பத்தொன்றில் தீயோடு வெடிபொருளையும் சேர்த்திருக்கிறார்கள். வந்தவன் குடிபோதையில் இருந்தாலும் இந்த உரிமை குறையாது.

அப்படியானால் முதல் அடிக்குப் பதில் கிடைத்துவிட்டது. ரெண்டாவது அடி?

மறுநாள் மதுரைக்குப் போனேன், பெண்கள் சிறைக்கு. பேச்சியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கொடுத்திருந்த வாக்குமூலம் ரெண்டே வரி: அடிச்சேன், ரெண்டு அடி.

"பேச்சியம்மா, ரெண்டாவது எப்ப அடிச்ச?"

அவள் தலை நிமிர்ந்தது. "குனிஞ்சப்பம்மா."

"குனிஞ்சானா?"

"கை ஒடிஞ்சு போச்சுல்ல, மண்டி போட்டு உக்காந்துட்டான். கீழ சிதறிக் கிடந்த குச்சிய எடக் கையால அள்ளினான். பெட்டி அவன் முன்னாலதான் கிடந்துச்சு. ஒருதடவ உரசிட்டான்மா. பத்தல. மறுக்கா உரசப் போனான்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அடிச்சியா, எத்தனை அடின்னு கேட்டாக, சொன்னேன். எப்ப அடிச்சேன்னு யாரும் கேக்கலையேம்மா."

"உனக்கு ஓடணும்னு தோணலையா?"

"நான் ஓடிருவேன். பக்கத்து ரூம்ல இருக்கிற புள்ளைகளுக்கு யாரு சொல்லுவா?"

ஜீப்பில் திரும்பும்போது எனக்கு நிலைகொள்ளவில்லை. அவள் சொன்னது உண்மை என்று என் உடம்பெல்லாம் சொன்னது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவள் தன் வாயால் சொன்னதை வைத்து என்ன செய்வது? பார்த்த சாட்சி யாரும் இல்லையே. கிருஷ்ணவேணியும் ஓடிவிட்டாள். டி.எஸ்.பி. ஐயா "உரசினான்?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் நான் காலி.

திருமங்கலம் தாண்டியதும் எனக்குச் சட்டென்று உறைத்தது. கை! இடது கையால் அள்ளியவன் அப்படியே அடிபட்டு விழுந்திருக்கிறான். கை மூடியே இருந்திருக்குமே. அதைத் திறந்தது யார்?

"ஏலே, ஆஸ்பத்திரிக்கு விடு!" என்று கத்தினேன். டிரைவர் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, சைரனைப் போட்டுவிட்டான்.

அவசர சிகிச்சைப் பிரிவில், முருகேசனைக் கொண்டுவந்த அன்று டியூட்டியில் இருந்த நர்ஸைத் தேடிப் பிடித்தேன். செல்வராணி என்று பேர். கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"ஆமா மேடம். டிரிப்ஸ் போடணும். வலது கை ஒடிஞ்சிருக்கு, எடக் கை இறுக்கி மூடியிருக்கு. ரெண்டு பேராப் பிடிச்சு விரிச்சோம். உள்ள தீக்குச்சி. அரணாக்கயிறு, சாவியோட ஒரு கவர்ல போட்டு நம்ம ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்ல குடுத்தேனே. யாரும் வந்து கேக்கலையா?"

அவுட்போஸ்ட் அலமாரியில் ஒட்டிய கவர் அப்படியே இருந்தது. சாட்சிகள் முன்னால் பிரித்தேன். குச்சிகளின் உடம்பெல்லாம் வெள்ளிப் பொடி. சட்டைப்பையிலிருந்து எடுத்த குச்சியில் அந்தப் பொடி எப்படி வரும்? தரையிலிருந்து அள்ளியிருக்கிறான்! அதில் ஒரு குச்சியின் தலை மருந்து பாதி உதிர்ந்து, சிராய்த்திருந்தது. உரசியிருக்கிறான், பற்றவில்லை. நான் என்னை மறந்து அந்த நர்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். யூனிபார்மில் இருந்தேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

குச்சிகளையும் தரைப் பொடியையும் தடய அறிவியல் சோதனைக்கு அனுப்பினேன். ரெண்டும் ஒரே பொடி என்று அறிக்கை வந்தது. எடுத்துக்கொண்டு டி.எஸ்.பி. ஐயா முன்னால் போய் நின்றேன். நடந்துகொண்டே கேட்டார். முடித்ததும் நின்றார்.

"மண்டி போட்டிருந்தான்?"

"ஆமா சார்."

மேஜையில் இருந்த தன் பேனாக்களைத் தரையில் இறைத்தார். கண்ணாடிக் கூட்டை நடுவில் வைத்தார், அதுதான் தீப்பெட்டி. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டி.எஸ்.பி. ராஜமாணிக்கம் ஐயா யூனிபார்மோடு தரையில் மண்டி போட்டு, வலது கையை ஒடிந்த மாதிரி தொங்கவிட்டு, தலை குனிந்து இடது கையால் பேனாக்களை அள்ளினார்.

"பேப்பரைச் சுருட்டிக்குங்கம்மா. நீங்க வாசல் பக்கம். அடிங்க."

"சார்..."

"நான் உரசப் போறேன்மா. அடிங்க!"

நான் பேப்பரை ஓங்கிய நேரம் பார்த்து ஏட்டையா டீயோடு கதவைத் திறந்தார். மண்டியிட்ட டி.எஸ்.பி.யையும் ஓங்கிய கையோடு நின்ற என்னையும் பார்த்தார். டீயோடு அப்படியே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரித்துக்கொண்டே அடித்துவிட்டேன். ஐயா சிரிக்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், பேப்பர் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"பின்மண்டை. மேலேயிருந்து கீழே. டாக்டர் என்ன சொல்றார்?"

"காயத்தோட போக்கு மேலேயிருந்து கீழேதான் சார். கேட்டு எழுதி வாங்கியிருக்கேன்."

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். ஜன்னலோரம் போய் நின்றார். அவர் மேல் இருந்த நெருக்கடி எனக்குத் தெரியும். கொலை வழக்கில் கைதானவளைப் போலீஸே விடுவிப்பதா என்று நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்.

"கோர்ட் பாத்துக்கட்டும்னு சார்ஜ்ஷீட் போட்டா, தற்காப்புதான்னு காட்டுற பாரம் அவ தலையில விழும்," என்றார் மெல்ல. "அவகிட்ட என்ன இருக்கு? குச்சி நம்மகிட்டல்ல இருக்கு."

அன்றே எஸ்.பி.யிடம் பேசினார். பேச்சியம்மாவின் ஜாமீனை நாங்கள் எதிர்க்கவில்லை. தற்காப்பு உரிமைக்கு உட்பட்ட செயல், மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று நான் இறுதி அறிக்கை எழுதினேன். என் சர்வீஸில் எத்தனையோ குற்றப் பத்திரிகை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதியது அது ஒன்றுதான்.

"இதே கேஸ், ஓடித்தான் ஆகணும்னு சொல்ற ஊர்ல நடந்திருந்தா மேடம்?" என்று வகுப்பில் அந்த எஸ்.ஐ. கேட்டாள்.

"அங்கயும் 'பத்திரமா ஓட முடியுமா'ன்னுதான் கேப்பாக," என்றேன். "அவ ஓடலாம். பக்கத்து ரூம்ல இருந்தவுக ஓட முடியுமா? அதை அந்த ஊர்ல நிரூபிக்க இன்னும் கூடப் பாடுபடணும். சில ஊர்ல இதுக்கு இம்புட்டுப் பாடே வேண்டியிருக்காது. ஆனா எந்த ஊரா இருந்தாலும் ஒரு போலீஸ்காரி அந்தத் தரையில வெறுங்காலோட நின்னு பாத்தே ஆகணும்."

ஆனால் விஷயம் எங்கள் அறிக்கையோடு முடியவில்லை. போலீஸ் வழக்கைக் கைவிட்டால், மாஜிஸ்திரேட் புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு ஆட்சேபணை உண்டா என்று கேட்கணும். முருகேசனின் அம்மா சுப்பம்மா ஆட்சேபித்தால் திரும்ப முதலிலிருந்து.

கோர்ட்டில் அன்று நல்ல கூட்டம். பேச்சியம்மா ஓர் ஓரமாக நின்றாள். கிருஷ்ணவேணி ரெண்டு பிள்ளைகளோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். சுப்பம்மா வந்தார். வெள்ளைச் சேலை, செருப்பில்லாத கால். மறியல் செய்த சொந்தக்காரர்கள் பின்னால் நின்றார்கள். போலீஸ் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று மாஜிஸ்திரேட் நிதானமாகச் சொன்னார். பெட்டி, குச்சி, இடது கை எல்லாம். பிறகு கேட்டார்.

"உங்களுக்கு இதுல ஆட்சேபணை இருக்காம்மா?"

சுப்பம்மா திரும்பக் கேட்டார்.

"ஐயா, இவ அடிக்காம இருந்திருந்தா எம்மவன் இன்னைக்கு இருந்திருப்பானா?"

இந்தக் கேள்வி எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். நான் அந்த அறையில் நின்றவள்.

"இல்லம்மா," என்றேன். "அந்தக் குச்சி பத்தியிருந்தா அந்த ரூம்ல யாருமே மிஞ்சியிருக்க மாட்டாக. அதுக்குப் பக்கத்துல இருந்தவன் உங்க மகன்தான். முதல்ல போயிருப்பான்."

சுப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், "அத்தை, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். சுப்பம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப வேண்டாம்யா," என்றார். "விட்டுருங்க."

மாஜிஸ்திரேட் எழுதத் தொடங்கினார். எனக்குக் கை தட்டணும் போல இருந்தது, அழணும் போலவும் இருந்தது. ரெண்டும் அந்த இடத்தில் செய்யக் கூடாது என்பதால் தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுப்பம்மா பேச்சியம்மாவின் பக்கம் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. பேச்சியம்மாவும் கூப்பிடவில்லை. கிழவி மெதுவாக நடந்து வாசலுக்கு வந்து, கிருஷ்ணவேணி பக்கத்தில் நின்ற சின்னப் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணவேணியும் பின்னால் போனாள்.